கடல் கடந்து படிக்கப் போன எம்மவர்

எமது பழைய மாணவிகள் சங்கம் நூறு ஆண்டுகளை நிறைவு செய்யும் இவ்வேளையில், கல்லூரி மண்டபச் சுவரிலுள்ள கௌரவப் பலகையை நிமிர்ந்து பார்க்காதவர் எம்முள் இருக்க முடியாது. பெயர், பட்டம், ஆண்டு என்று பொன்னெழுத்தில் மூன்றே விடயங்கள் அதில் உண்டு. நாம் இங்கு எழுத எடுத்துக்கொண்டது அந்தப் பொன்னெழுத்துக்கு முந்திய காலத்தைப் பற்றி. வீட்டையும் கிணற்றடியையும் விட்டுப் புறப்பட்ட பெண்பிள்ளை ஒருத்தி அயல் நாட்டிலே முதலாவது ஆண்டை எப்படிக் கழித்தாள்? எதை உண்டாள், எப்படிப் பேசினாள், அவளுடைய செலவை யார் பொறுத்தார்கள்? பின்பு ஏன் திரும்பி வந்தாள், அல்லது ஏன் வராமல் விட்டாள்? சங்கத்தின் மூத்த உறுப்பினர்கள் சொல்லக் கேட்டவற்றையும், நாட்டின் வரலாற்றில் எவரும் அறிந்தவற்றையும் சேர்த்தே இதனை எழுதுகிறோம்.

யாழ்ப்பாணத்தார் படிக்கக் கடல் கடந்தது சங்கத்துக்கு மிகவும் முந்திய கதை. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது அதன் முதற் பட்டதாரிகளாகத் தேறிய சி. வை. தாமோதரம்பிள்ளை, கறல் விசுவநாதபிள்ளை இருவருமே வட்டுக்கோட்டை செமினறியில் கற்றவர்கள். ஆண்களுக்கு அவ்வளவு முன்பே திறந்த வாசல் எங்கள் பெண்களுக்குத் திறக்க அறுபது ஆண்டுகள் வரை சென்றன. சென்னையில் பெண்களுக்கென்று கல்லூரிகள் எழுந்த பின்னரே அது கைகூடியது. 1914இல் மெரீனாக் கடற்கரையோரம் தொடங்கிய கல்லூரி பின்னர் இராணி மேரிக் கல்லூரி எனப் பெயர் பெற்றது. டொரதி டி ல ஹே அதன் முதல் அதிபர். அடுத்த ஆண்டிலே பல மிஷன்கள் கூடிப் பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியை நிறுவின. எலினோர் மக்டூகல் அதன் முதல் அதிபராக அமர்ந்தார். நுங்கம்பாக்கத்தில் டவ்டன் மாளிகையைச் சுற்றிய அதன் மரங்களைப் பற்றி எங்கள் பாட்டிமார் பேசுவதைக் கேட்டால், அவர்கள் அங்கே படித்தார்களா, அல்லது அந்த மரங்களுக்குக் கீழே குடியிருந்தார்களா என்று ஐயம் வரும்.

கொழும்பு இருக்கையில் சென்னை எதற்கு என்று இன்றைய பிள்ளைகள் கேட்கக்கூடும். கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி 1921இல்தான் வந்தது. அங்கே லண்டன் பரீட்சைகளுக்கே ஆயத்தம் செய்தார்கள். ஆணும் பெண்ணும் ஒரே வகுப்பில் இருந்தார்கள். அக்காலத் தகப்பன்மாருக்கு இந்தக் கடைசிக் காரணம் ஒன்றே போதுமாயிருந்தது. சென்னையிலோ பெண்களுக்கென்றே கல்லூரி, மதிலுக்குள்ளே விடுதி, விடுதிக்கு ஒரு மேற்றன், போதாக்குறைக்கு ஊரெல்லாம் தமிழ். மிஷன் பாடசாலைகளில் கற்பித்த ஆசிரியைகள் பலர் சென்னையைத் தெரிந்தவர்கள். அவர்களுடைய கடிதம் ஒன்று முன்னே போனால், பிள்ளை பின்னே போவாள். கடல் கடந்த சென்னை அன்று யாழ்ப்பாணத்துக்குக் கொழும்பைவிடப் பக்கத்திலே இருந்தது என்று சொன்னால் மிகையாகாது.

ஆனால் பணம்? இதைப் பற்றி எமது பழைய மலர்களில் எவரும் எழுதியதில்லை. எழுதக் கூச்சப்பட்டிருப்பார்கள். 1707இல் ஒல்லாந்தர் தொகுத்து வைத்த தேசவழமையின்படி பெண்பிள்ளைக்குரிய பங்கு அவளுடைய சீதனம். காணி, வீடு, நகை என்று அது எழுதப்பட்ட பின்னரே கலியாணப் பேச்சு நிறைவேறும். நான்கு ஆண்டுகள் சென்னையில் படிக்க வைப்பதென்றால் அந்தச் சீதனத்திலேதான் கை வைக்க வேண்டும். தோட்டக் காணியை ஈடு வைத்தவர்கள் உண்டு; தாயின் அட்டியலை அழித்தவர்கள் உண்டு. படிப்புக்குச் செலவழித்தது சீதனத்தில் கழியும் என்று தமையன்மார் கணக்குப் பார்த்த வீடுகளும் உண்டு. படித்த பெண்ணுக்கு ஏற்ற மாப்பிள்ளை கிடைப்பானா, அப்படிக் கிடைப்பவன் இன்னும் கூடக் கேட்க மாட்டானா என்ற பயம் வேறு. அந்நாளில் ஒரு பெண்பிள்ளை பி.ஏ. படிக்கப் போனாள் என்றால் குடும்பத்தின் வாழ்வைப் பணயம் வைத்தே போனாள். பரீட்சையில் தவறினால் வீட்டுக்குக் கடிதம் எழுதக் கை நடுங்கியதன் காரணம் வெறும் வெட்கம் அல்ல.

பயணத்தைப் பற்றிச் சொல்லாமல் இக்கதை நகராது. 1914 பெப்ரவரியில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. அதே ஆண்டிலே தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது. அதற்கு முன் இந்தியா போவோர் கொழும்புக்குப் போய்த் தூத்துக்குடிக் கப்பலேற வேண்டும். எமது சங்கம் பிறந்தபோது தனுஷ்கோடிப் பாதைக்கு வயது பத்து. யாழ்ப்பாணத்தில் புகையிரதம் ஏறி, மதவாச்சியில் இறங்கி, தலைமன்னார் வண்டிக்கு மாறி, துறையிலே கப்பல் ஏறினால் இருபத்திரண்டு மைல் கடல். அதற்கப்பால் சுங்கம், பின்னர் போட்மெயில் வண்டி, கடைசியில் எழும்பூர். தகரப் பெட்டியின் மேல் வெள்ளை மையால் பெயரும் கல்லூரியும் எழுதியிருக்கும். படுக்கைச் சுருள் ஒன்று, கூசா ஒன்று, ஓலைப்பெட்டியிலே பயற்றம் பணியாரம், எள்ளுருண்டை, பருத்தித்துறை வடை, துணியில் முடிந்த மிளகாய்த்தூள். சுங்கத்தார் எல்லாவற்றையும் கிளறிப் பார்த்துவிட்டு, மிளகாய்த்தூளைக் கண்டதும் தும்மிக்கொண்டே போகவிட்டதாக ஒரு கதை உண்டு. ஒவ்வொரு தலைமுறையும் இதைத் தமக்கு நடந்ததாகவே சொல்கிறது. நாமும் நம்பிவிடுகிறோம்.

சுதந்திரம் வரையில் இப்பயணத்துக்குக் கடவுச்சீட்டு என்ற பேச்சே பெரிதாக இருந்ததில்லை. அதற்குப் பின்பே ஒரே மொழி பேசும் இரண்டு கரைகளுக்கும் இடையில் முத்திரையும் விசாவும் வந்து சேர்ந்தன. 1947 டிசெம்பரில் எயர் சிலோன் தன் முதல் விமானத்தை இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு அனுப்பியது. வசதியானவர்கள் அதில் போனார்கள். எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலோர் கப்பலிலேயே போய் வந்தார்கள்.

போய்ச் சேர்ந்த பின்? முதலில் வந்து நின்றது சோறு. குத்தரிசிச் சோறும் தேங்காய்ப்பால் சொதியும் உண்டு வளர்ந்த பிள்ளைக்கு வெள்ளைச் சோறும் சாம்பாரும் இரசமும் மூன்று நாளைக்குப் புதுமை. நான்காம் நாள் தண்டனை. இடியப்பம் என்று கேட்டுப் பார்த்தவர்கள் பண்டிகை நாளில் ஒன்று இரண்டைக் கண்டார்கள். புட்டு சனிக்கிழமைக் கனவு. மீன் உண்டு பழகியவர்கள் மரக்கறிப் பந்தியில் இருந்து அழுதார்கள். சைவப் பிள்ளைகளோ மச்சம் சமைத்த சட்டியின் அகப்பையே தம் சட்டிக்கும் வருகிறதா என்று குசினி வாசலில் காவல் நின்றார்கள். அடுத்தது தண்ணீர். கிணற்றடியில் துலாவால் அள்ளி, வாழைகளுக்கும் பாய, உச்சி குளிர முழுகிப் பழகியவர்கள் எங்கள் பெண்கள். சென்னையில் அவர்களுக்குக் கிடைத்தது ஒரு வாளி. கோடையில் அந்த வாளிக்கும் வரிசை. தலைமுழுக்கு எண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு வாளியைப் பார்த்து நின்ற கதையை ஒருவர் தொடங்கினால், எமது கூட்டத்தில் மற்றவர்கள் சிரித்து முடிக்க நேரம் செல்லும்.

தமிழ் பேசும் ஊர் என்று நம்பிப் போனவர்களுக்குத் தமிழே முதற் சங்கடமாயிற்று. இவர்கள் வாய் திறந்ததும் பக்கத்து அறைப் பிள்ளைகள், நீங்கள் மலையாளமா என்று கேட்டார்கள். ஓம் என்றால் அங்கே மந்திரம். கதைக்கிறேன் என்றால் கதை சொல்லப் போகிறாள் என்று உட்கார்ந்து கொண்டார்கள். கதிரையை, சப்பாத்தை, சவுக்காரத்தை, கெதியை எல்லாம் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. ஆறுதலாகச் சாப்பிடுங்கோ என்று எங்கள் பிள்ளை உபசரித்தால், தனக்கு என்ன துக்கம் நேர்ந்துவிட்டது என்று சென்னைப் பிள்ளை விழித்தாள். வடிவாகப் படித்தாயா என்றால் படிப்புக்கும் வடிவத்துக்கும் என்ன தொடர்பு என்பாள். முதல் தவணையில் எங்கள் பிள்ளைகளில் பலர் ஆங்கிலத்திலேயே பேசித் தப்பினார்கள். இரண்டாம் தவணையில் சென்னைத் தமிழைப் பிடித்துக் கொண்டார்கள். விடுமுறைக்கு வீடு வந்து வாசலில் நின்று 'தண்ணி கொடும்மா' என்று கேட்டபோது, பேத்தி பட்டணத்துக்காரியாய்ப் போய்விட்டாள் என்று ஆச்சிமார் மூக்கில் விரல் வைத்தார்கள். இரண்டு தமிழையும் இடத்துக்கேற்ப மாற்றிப் பேசும் அந்தத் திறமை எங்கள் ஆசிரியைகள் பலரிடம் கடைசிவரை இருந்தது. இந்தியாவிலிருந்து விருந்தினர் எவராவது பரிசளிப்பு விழாவுக்கு வந்தால் அவர்களின் குரலே மாறும்; முன்வரிசையில் இருந்த நாம் ஒருவரை ஒருவர் இடித்துக்கொள்வோம்.

விடுதிச் சட்டங்கள் வீட்டுச் சட்டங்களைவிடக் கடினம் என்று சொல்ல முடியாது. வீட்டுச் சட்டங்களே அப்படி. ஆனால் அவை எழுதி ஒட்டப்பட்டிருந்தன. ஊரிலே பொறுப்பாளர் ஒருவரின் பெயரைப் பதிய வேண்டும். அவரோடு மட்டுமே வெளியே போகலாம். பார்க்க வருவோர் பெயர்ப்பட்டியலில் இல்லாத மச்சான்மாரை வாசலிலிருந்தே திருப்பி அனுப்பினார்கள். கிறிஸ்தவக் கல்லூரியிலே சைவப் பிள்ளைகளும் காலைப் பிரார்த்தனையில் எழுந்து நின்றார்கள். மாலையில் தம் அறையில் தேவாரம் பாடினார்கள். மிஷன் பாடசாலைகளில் படித்த எமக்கு இரண்டும் ஒரே நாளில் அடங்குவது புதிதல்ல. கடிதம் வீடு போய்ப் பதில் வர ஒரு கிழமைக்கு மேல் செல்லும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்ற கடிதம் கிடைத்துத் தாய் நேர்த்தி வைத்து முடிக்கையில், காய்ச்சல் மாறிய கடிதம் தலைமன்னாரில் இறங்கியிருக்கும்.

வாழ்க்கை நிலைகொண்டது எப்போது என்று மூத்தவர்களைக் கேட்டால் ஒரே மாதிரியான பதிலே வருகிறது: தமக்குப் பின்னால் இன்னொரு யாழ்ப்பாணப் பிள்ளை வந்து சேர்ந்தபோது. இரண்டாம் ஆண்டுக்காரி எழும்பூர் நிலையத்துக்குப் போய் முதலாம் ஆண்டுக்காரியைக் கூட்டி வருவாள். எந்தக் கடையில் தேங்காயெண்ணெய் நல்லது, எந்தப் பேராசிரியையின் ஆங்கிலம் காதில் ஏற மாதம் ஒன்று செல்லும், மேற்றனிடம் எந்த நேரத்தில் அனுமதி கேட்க வேண்டும் என்பதெல்லாம் இரண்டே நாளில் கைமாறும். எமது சங்கத்துக்கு யாப்பும் தலைவியும் தனாதிகாரியும் இருந்தார்கள். ஆனால் சங்கம் செய்யவேண்டிய வேலையைச் செய்தவர்கள் எழும்பூர் மேடையில் பெட்டி தூக்க நின்ற அந்த இரண்டாம் ஆண்டுக்காரிகள்தான் என்பது எமது எண்ணம்.

அந்நாளில் போனவர்கள் திரும்பி வந்தார்கள். இதை அழுத்திச் சொல்லவேண்டும். பட்டத்தோடு நில்லாமல், 1922இல் தொடங்கிய லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரியிலோ, 1923இல் மிஷன்கள் தொடங்கிய புனித கிறிஸ்தோபர் பயிற்சிக் கல்லூரியிலோ எல்.டி. முடித்துக்கொண்டு வந்து, தாம் படித்த வகுப்பறையிலேயே கற்பிக்க நின்றார்கள். மணமாகாதிருந்தவர்கள் தம் சம்பளத்தால் ஈடு வைத்த காணியை மீட்டார்கள். பிறகு தங்கைக்குச் சீதனமும் கொடுத்தார்கள். வெள்ளைச் சேலையும் குடையுமாக எமது நினைவில் நிற்கும் அந்த ஆசிரியைகள் எவ்வளவு கடனைத் தோளில் சுமந்து வகுப்புக்கு வந்தார்கள் என்பதை அன்று சிறுமிகளாயிருந்த எவரும் எண்ணிப் பார்த்ததில்லை.

மருத்துவம் படிக்கப் போனோர் வேலூரை நாடினார்கள். வேலூருக்கும் யாழ்ப்பாணத்துக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. 1918இல் அங்கே பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கிய ஐடா ஸ்கடரின் பாட்டனார் ஜோன் ஸ்கடர், 1820களில் பண்டத்தரிப்பில் மருத்துவ மிஷனரியாக இருந்தவர். பாட்டனார் எங்கள் ஊருக்கு மருந்து கொண்டுவந்தார். பேத்தி எங்கள் பிள்ளைகளை வைத்தியராக்கி அனுப்பினார். 1942இல் அங்கே எம்.பி.பி.எஸ். படிப்பு வந்தபோது அதுவும் முதலில் பெண்களுக்கே வந்தது. ஆண்களை அங்கே 1947 முதற்கொண்டே சேர்த்தார்கள். எங்கள் பக்கத்தில் அப்படி முறை மாறி நடந்த இன்னொன்றை நினைவுபடுத்திக்கொள்ள முடியவில்லை.

சங்கீதம் படிக்கப் போனவர்களின் கதை தனியானது. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929இல் சிதம்பரத்தில் எழுந்தது. நடராசர் சந்நிதி இருக்கும் ஊர் என்பதால் அங்கே பிள்ளையை விடச் சைவப் பெற்றோர் அதிகம் யோசிக்கவில்லை. சுவாமி விபுலாநந்தர் அங்கே தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர் என்பது இன்னொரு தைரியம். சங்கீதபூஷணம் என்ற பட்டத்தோடு வந்தவர்கள்தான் எங்கள் பாடசாலைகளில் தம்பூரா மீட்டினார்கள். அடையாறில் கலாக்ஷேத்திரத்துக்கு நாட்டியம் பயிலப் போனவர்கள் இன்னும் அதிகமாகப் போராடவேண்டியிருந்தது. நல்ல குடும்பத்துப் பிள்ளை சதங்கை கட்டுவதா என்ற கேள்வி வீட்டில் எழுந்த காலம் அது. வந்து அரங்கேற்றம் ஆடியபோது அதே உறவினர் முதல் வரிசையில் சால்வையோடு இருந்தார்கள்.

இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இல் நிறுவப்பட்டது. இலவசக் கல்வி வந்தது. 1952இல் பேராதனை திறந்தது. கண்டி மலைச்சாரலில் ஹில்டா ஒபயசேகர விடுதி இருக்கையில் கடன்பட்டுச் சென்னை போகவேண்டிய தேவை வெகுவாகக் குறைந்தது. போனவர்களும் பெரும்பாலும் இங்கே இடம் கிடைக்காதவர்கள் அல்லது இங்கே இல்லாத பாடத்தை விரும்பியவர்கள்.

1964 டிசெம்பர் 22ஆம் திகதி இரவு. அது நத்தார் விடுமுறைக் காலம். புயலும் கடலும் ஏறித் தனுஷ்கோடியை அழித்தன. பாம்பனிலிருந்து போன பயணிகள் வண்டியை அலை அப்படியே கொண்டு போயிற்று. மன்னாரும் குடாநாடும் அதே புயலில் அடிபட்டுக் கிடந்தன. தந்திக் கம்பிகள் விழுந்துவிட்டதால் இந்தியாவில் பிள்ளை வைத்திருந்த வீடுகளில் அந்த நத்தார் எப்படிக் கழிந்திருக்கும் என்று விளக்கத் தேவையில்லை. பின்னர் இராமேஸ்வரத்திலிருந்து கப்பல் ஓடியது. 'இராமானுஜம்' கப்பலில் போய்வந்த எமது உறுப்பினர்கள் இன்னும் பலர். ஆனால் தனுஷ்கோடியில் இறங்கியவர்களுக்கும் இராமேஸ்வரத்தில் இறங்கியவர்களுக்கும் இடையில் ஒரு கோடு விழுந்துவிட்டது. பழையவர்கள் தனுஷ்கோடி என்ற பெயரைச் சொல்லும்போது சற்று நிறுத்தியே சொல்வார்கள்.

அறுபதுகளில் எமது பிள்ளைகள் வேறொரு திசையிலும் புறப்பட்டார்கள். கௌரவப் பலகை பட்டங்களுக்கென்று அமைந்ததால் இவர்களில் ஒருவர் பெயரும் அதில் ஏறவில்லை. இங்கிலாந்துக்குத் தாதியர் பயிற்சிக்குப் போனவர்களைச் சொல்கிறோம். பிரித்தானியப் பல்கலைக்கழகங்கள் 1967இல் வெளிநாட்டு மாணவருக்குக் கூடிய கட்டணம் விதித்தன. 1980 முதல் முழுச் செலவையும் கேட்டன. தாதிப் பயிற்சிக்கோ கட்டணம் இல்லை. மாதந்தோறும் கையில் உதவிப்பணமும் கொடுத்து, தங்க அறையும் கொடுத்தார்கள். அன்னியச் செலாவணி இறுகிக் கிடந்த நாட்டிலிருந்து, ஈடு வைக்கக் காணியும் இல்லாத வீட்டுப் பிள்ளை படிக்கப் போகக்கூடிய ஒரே வழி அது. ஊர் அதைப் படிப்பென்று ஏற்றுக்கொள்ளத் தயங்கியது. நேர்ஸ் வேலைக்குப் போகிறாள் என்றே சொன்னது.

அங்கே ஒரு பொறியும் இருந்தது. பயிற்சியில் இரண்டு வகை. மூன்று ஆண்டுகள் படித்தால் எஸ்.ஆர்.என்.; பதிவுபெற்ற தாதி. இரண்டு ஆண்டுகள் படித்தால் எஸ்.ஈ.என்.; அது ஒரு படி கீழ், மேற்பதவிகளுக்கு வழி இல்லாதது, பிறநாடுகள் பலவற்றில் செல்லுபடியாகாதது. குடியேற்ற நாடுகளிலிருந்து வந்த பெண்களில் பலரை, அவர்களின் தகுதி என்னவாயிருந்தாலும், இரண்டாவது வகைக்கே திருப்பிவிட்டார்கள் என்பது இன்று ஆங்கிலேய ஆய்வாளர்களே எழுதும் வரலாறு. உயர்தரம் வரை படித்த எமது பிள்ளைகளும் அதற்குத் தப்பவில்லை. கையெழுத்திட்டு ஓராண்டு சென்ற பின்னரே வித்தியாசம் விளங்கியது என்று ஓர் உறுப்பினர் எம்மிடம் சொன்னார். பக்கத்துக் கட்டிலில் இருந்த பிள்ளையின் இடைப்பட்டியின் நிறம் ஏன் வேறு என்று கேட்டபோதுதான் தெரிந்ததாம். அவர் மறுபடி முதலிலிருந்து மூன்று ஆண்டுகள் படித்தார். வீட்டுக்கு எழுதவில்லை. படிப்பு நீண்டுவிட்டது என்று மட்டும் எழுதினார்.

அவர்களின் அன்றாடம் சென்னை விடுதியைப் போன்றதல்ல. தாதியர் விடுதியில் ஹோம் சிஸ்டர் உண்டு, இரவு வரப் பிந்தினால் அனுமதிச்சீட்டு உண்டு, அதுவரை பழக்கமானதே. ஆனால் குளிர் பழக்கமில்லை. 1962ஆம் ஆண்டு இறுதியில் தொடங்கி மறு ஆண்டு மார்ச் வரை நீடித்த பனிக்காலத்தில் போய் இறங்கியவர்களுக்கு அது ஒரு கல்வியே. விடுதியை விட்டு அறை எடுத்துப் போனவர்கள் வாயு அடுப்பின் பெட்டியில் சில்லிங் காசு போட்டால்தான் சூடு. காசு முடிந்தால் சேலைக்கு மேல் கோட்டு, கோட்டுக்கு மேல் போர்வை. அறை வாடகைக்கு என்ற அறிவித்தலில் கறுத்தவர் வேண்டாம் என்று வெளிப்படையாக எழுதலாம் என்ற நிலை 1968ஆம் ஆண்டுச் சட்டம் வரையில் இருந்தது. சோறு என்றால் பால்ச்சோறு செய்யும் குட்டை அரிசி. பார்சலில் வந்த தூளைத் திறந்தால் விடுதி மாடி முழுவதும் கதவு திறக்கும். இரவுக் கடமை முடித்து விடியற்காலையில் வந்து, யன்னலைத் திறந்து வைத்து மீன்குழம்பு வைத்தவர்களின் துணிவுக்குப் பலகையில் இடமில்லாவிட்டாலும் இம்மலரில் இருக்கட்டும். அவர்கள் அனுப்பிய பணத்தில்தான் எத்தனையோ வீடுகளின் ஓலைக் கூரை ஓடாயிற்று. எத்தனையோ தம்பிமார் பொறியியலாளரானார்கள். தம்பிமாரின் பெயர்கள் அவரவர் கல்லூரிப் பலகைகளில் இருக்கின்றன.

1971இல் தரப்படுத்தல் வந்தது. அவ்வாண்டு மருத்துவத்துக்குச் சிங்கள மொழி மூலம் 229 புள்ளி பெற்றவருக்கு இடம் கிடைக்க, தமிழ் மொழி மூலத்தில் 250 தேவைப்பட்டது. பின்னர் 1974இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தபோது யாழ்ப்பாணம் மேலும் இழந்தது. அதனால் மன்னார், வவுனியா போன்ற மாவட்டங்களின் பிள்ளைகள் சிலருக்கு முதன்முறையாக வாசல் திறந்தது என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். எங்கள் வகுப்பறைகளில் அது எப்படி விழுந்தது என்றால், முதல் வரிசைப் பிள்ளை வீட்டில் இருந்தாள். 1974இல் திருநெல்வேலியில் யாழ்ப்பாண வளாகம் திறந்தது சிலரைத் தாங்கியது. வசதியுள்ளவர்கள் மறுபடி சென்னைக்கும் திருச்சிக்கும் மதுரைக்கும் பி.எஸ்சி. படிக்கப் போனார்கள். பாட்டி படித்த கல்லூரிக்கே பேத்தி போனாள். ஆனால் பாட்டி விரும்பிப் போனாள். பேத்தி இங்கே இடமில்லாமல் போனாள். விடுதி அறை ஒன்றாயிருந்தாலும் அதற்குள் இருந்து அழுத அழுகை வேறு.

1983 யூலையின் பின் படிக்கப் போவதும் தப்பிப் போவதும் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. இராமேஸ்வரக் கப்பல் நின்றது. 1985இல் பிரித்தானியா இலங்கையருக்கு விசாவைக் கட்டாயமாக்கியது. மாணவ விசா என்பது படிப்புக்கான தாளா, உயிருக்கான தாளா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஆண்டுகள் அவை. அந்தத் தலைமுறையின் மாணவ வாழ்க்கையில் நிலைகொள்ளல் என்ற சொல்லுக்கே இடம் குறைவு. பகல் வகுப்பு, இரவு கடை அல்லது பெற்றோல் நிலையம், நடுவில் ஊரிலிருந்து வரும் செய்தி. பாடசாலைக்கு அருகில் ஷெல் விழுந்தது என்று கேட்டவள் மறுநாள் பரீட்சை எழுதினாள். விம்பிள்டனில் 1981இல் எழுந்த கணபதி கோயில் போன்ற இடங்களில் வெள்ளிக்கிழமை தோறும் ஒருவரை ஒருவர் தேடிக் கண்டார்கள். லண்டன், ரொறொன்ரோ, சிட்னி, மெல்பேர்ண் என்று இன்று பெயர் சொல்லும் எமது கிளைச் சங்கங்கள் பேச்சுவாக்கில் முளைத்தது அப்படியான வாசல்களில்தான். எந்த ஆண்டு, எந்த வகுப்பு, யாருடைய தங்கை என்ற மூன்று கேள்விகளோடு சங்கம் கூடிவிடும்.

திரும்பி வராதவர்களை ஊர் குறை சொன்னது உண்டு. நாம் அப்படி எழுதப் போவதில்லை. முப்பதுகளில் போனவளுக்குத் திரும்பி வர ஒரு வகுப்பறை இருந்தது. எண்பத்தேழில் போனவளுக்கு அந்த வகுப்பறையில் அகதிகள் இருந்தார்கள்.

இன்னொரு பகுதியினரையும் இங்கே குறிப்பிட விரும்புகிறோம். படிப்பை முடிக்காமல் வந்தவர்கள். தகப்பன் இறந்ததால், காணி மீளாததால், கலியாணம் பொருந்திவிட்டதால், இரசாயனவியலில் இரண்டு முறை தவறியதால், அல்லது வெறுமனே வீட்டு நினைவு தாங்காததால் முதலாம் ஆண்டிலோ இரண்டாம் ஆண்டிலோ பெட்டியைக் கட்டியவர்கள். அவர்களில் சிலர் எமது விளையாட்டு விழாக்களுக்கு ஒழுங்காக வருவார்கள், அன்னதானத்துக்கு அரிசி தருவார்கள். சென்னையைப் பற்றிய பேச்சு எழுந்தால் மெல்ல எழுந்து தேநீர்ப் பக்கம் போய்விடுவார்கள். அவர்களும் எழும்பூரில் இறங்கினவர்கள். ஒரு வாளித் தண்ணீரில் முழுகினவர்கள்.

இன்று போகும் பிள்ளைகள் போகுமுன்பே விடுதி அறையைத் திரையில் பார்த்துவிடுகிறார்கள். குத்தரிசி லண்டனிலும் கிடைக்கிறது, ரொறொன்ரோவில் எங்களூரைவிட நல்ல முருங்கைக்காய் கிடைக்கிறதாம். 2019இல் பலாலியிலிருந்து சென்னைக்கு மறுபடி விமானம் பறந்தது. 2023 ஒக்ரோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் வந்தது. நின்றும் தொடர்ந்தும் ஓடுகிறது. தாய்க்கு நாளுக்கு மூன்று முறை முகம் காட்டும் பிள்ளைக்குத் தனிமை இல்லை என்று நினைப்போர் அவளிடம் கேட்டுப் பார்க்கலாம். முகம் காட்டும்போது சிரிக்க வேண்டியிருப்பதால் அழுவதற்கு நேரம் ஒதுக்க வேண்டியிருக்கிறது என்று போன ஆண்டு போன ஒருத்தி எமக்கு எழுதினாள். கடனும் அப்படியே இருக்கிறது. காணிக்குப் பதில் வங்கி. ரூபாவுக்குப் பதில் பவுண்.

நூற்றாண்டை ஒட்டிச் சங்கம் ஒரு பதிவேட்டைத் திறக்கிறது. பட்டத்துக்கான பதிவேடு அல்ல, புறப்பட்டவர்களுக்கான பதிவேடு. எந்த ஆண்டில், எந்த வழியாக, எந்த ஊருக்கு, என்ன படிக்க என்ற நான்கு கேள்விகள் மட்டுமே அதில் உண்டு. முடித்தீர்களா என்று கேட்கவில்லை. எஸ்.ஈ.என். படித்தவர்களும், ஓராண்டோடு திரும்பியவர்களும், மறைந்துபோன அக்காமாருக்காக அவர்களின் தங்கைமாரும் எழுதி அனுப்ப வேண்டுகிறோம். கூட்டி வரக் கப்பல்துறைக்கோ புகையிரத நிலையத்துக்கோ விமான நிலையத்துக்கோ வந்தவர் யார் என்பதையும், பெயர் நினைவிருந்தால், கீழே ஒரு வரியில் சேர்த்து எழுதுங்கள்.